புளி ஊற்றாத வெங்காயம்

இதை எழுதுகிற இப்போதும் என் இடது கண்ணிமை கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கிறது. பார்க்கிறவர்கள் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தூக்கம் தாராளமாக வருகிறது. கலக்கம்தான் எதுவும் இல்லை. என் பெயர் வெள்ளையம்மாள். எழுமலைப் பக்கத்துக் கிராமம். தலை நரைத்த பிறகு சாயங்கால வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் போய்விடும். போகட்டும். எனக்கு வந்த நோயைப் பற்றி ஊரில் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நாலும் தப்பு. படுத்துக் கிடந்தவள் நான். நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

நோயைச் சொல்வதற்கு முன்னால் கோழியைச் சொல்ல வேண்டும்.

என் கொழுந்தன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன். அவன் பெண்சாதி தவமணி என் அடுத்த வீட்டில் இருக்கிறாள். இரண்டு கொல்லைக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். என் மாமனார் காலம்வரை எங்கள் சனம் அடுத்தவர் காட்டில்தான் கூலிக்குக் குனிந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் சேர்ந்து பாடுபட்டு வாங்கியதுதான் குடும்பத்தின் முதல் நிலம். அதில் ஒரு சாண் போனாலும் எனக்கு உயிர் போன மாதிரி. வீட்டுக்காரர் இறந்த பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றடியில் ஒரு துண்டு மட்டும் யாருக்கு என்று முடிவாகவில்லை. நான் என்னுடையது என்றேன். தவமணி தன்னுடையது என்றாள். அன்றோடு நின்றது எங்கள் பேச்சு.

பேச்சு நின்றதே தவிர, பேச வேண்டிய காரியங்கள் நிற்கவில்லை. என்னிடம் சாம்பல் நிறத்தில் ஒரு கோழி இருந்தது. எந்நேரமும் அந்தச் சுவர் மேல்தான் நிற்கும். தவமணி அதைப் பார்த்துச் சொல்வாள்:

“ஏ கோழி, கொழாயில தண்ணி வருதாம். கொடத்தத் தூக்கிட்டு வரச் சொல்லு.”

நானும் அதையே பார்த்துப் பதில் சொல்வேன்.

“ஏ கோழி, எனக்கும் காது இருக்குன்னு சொல்லு.”

வருஷக்கணக்காக அந்தக் கோழி எங்கள் இருவருக்கும் தூது போனது. ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். வயிற்றில் புண் என்று புளியையும் காரத்தையும் நிறுத்தச் சொன்னார். உப்பும் புளியும் காரமும் இல்லாவிட்டால் கூழுக்குத் தொட்டுக்கொள்ள உலகத்தில் என்ன மிச்சம் இருக்கிறது? நான் வெறும் கூழைக் குடித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அதைத் தவமணி பார்த்திருக்கிறாள்.

ஒரு நாள் சுவர் மேல் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. கோழி பக்கத்தில் நின்றது.

“ஏ கோழி, சின்ன வெங்காயத்த வதக்கி நல்லெண்ணெயில போட்டிருக்கேன். புளி ஊத்தல, மொளகாய் இல்ல, உப்பு பேருக்குத்தான். இது ஒருத்தருக்கு மட்டும் செஞ்சது. வீம்பு பாக்காம திங்கச் சொல்லு.”

“ஏ கோழி, வீம்பு யாருக்குன்னு கேட்டுச் சொல்லு.”

சொன்னேனே தவிர, ஜாடியை எடுத்துக்கொண்டேன். வெங்காயத்துக்கு மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நின்றது. மூடியை இறுக்கி, அதன் மேலே துணியும் கட்டியிருந்தாள். அந்த வெங்காயம் எந்த மண்ணில் விளைந்தது என்றும் எனக்குத் தெரியும். கிணற்றடித் துண்டில் என்னைக் கேட்காமல் அவள் நட்டது. என் நிலத்து வெங்காயம் என்னிடமே வந்தது என்று நினைத்துக்கொண்டு, ஜாடியை அடுப்போரம் வைத்தேன். உடனே எடுத்துத் தின்றால் கௌரவம் என்ன ஆவது? சில நாள் அது அங்கேயே இருந்தது.

டி. கல்லுப்பட்டியிலிருந்து என் அண்ணன் சின்னக்காளை வந்த அன்றைக்குத்தான் மூடியைத் திறந்தேன். லேசாகப் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. நன்றாக ஊறியிருக்கிறது என்று நினைத்தேன். கம்பங்கூழைக் கரைத்து இருவரும் குடித்தோம். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னடி இது, சீக்காளிப் பண்டம்? உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல.”

“எனக்குச் செஞ்சதுண்ணே. வேணாம்னா விடு.”

அவர் இரண்டு வெங்காயத்தோடு விட்டார். நான் வழித்துத் தின்றேன். உப்பில்லாவிட்டாலும் எண்ணெய் வாசனையில் ருசியாகவே இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

மறுநாள் ஆட்டுக்குக் குழை போடப் போனேன். கொட்டத்தில் கட்டியது இரண்டு ஆடு. அங்கே நாலு நின்றன. ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன், இரண்டானது. திறந்தேன், மறுபடி நாலு. இது என்ன வேடிக்கை என்று கொஞ்ச நேரம் பொத்துவதும் திறப்பதுமாக நின்றேன். பயம் பிறகுதான் வந்தது. வாயெல்லாம் உமி மென்ற மாதிரி வறண்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன், நாக்கு புரளாமல் வேறேதோ சத்தம் வந்தது. அண்ணனுக்கும் கண்ணிமை சொருகிக்கொண்டு நின்றது. அவர் தலையை அண்ணாந்து இமைக்குக் கீழே என்னைப் பார்த்தார்.

“மருந்து வச்சுட்டாடி அவ,” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம், வேண்டாதவர்கள் சோற்றில் ஏதோ ஒன்றைக் கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதற்கு மருந்து வைப்பது என்று பேர். அதை எடுப்பதற்கென்றும் ஆள் உண்டு. அண்ணன் ஒரு வேனைப் பிடித்து என்னை அவரிடம்தான் முதலில் கொண்டுபோனார். அந்த ஆள் என் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, கரிய உருண்டை ஒன்றை வாயிலிருந்து துப்பிக் காட்டினார். எனக்கு இரண்டு உருண்டை தெரிந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினேன். கை பாதியில் விழுந்துவிட்டது. கூலியாக அண்ணன் என் சாம்பல் கோழியைக் கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து வரும் வழியிலேயே எனக்கு மூச்சு இழுத்தது. வேனை மதுரைக்குத் திருப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் என் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, முதலில் கேட்டது, “பாம்பு கடிச்சுதா?”

கட்டுவிரியன் கடித்தால் இப்படித்தான் இமை தாழுமாம். கால் கை எல்லாம் புரட்டிப் பல் தடம் தேடினார்கள். பிறகு பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தார். அவருக்கும் இமை தாழ்ந்திருந்தது.

“ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பாம்பு கடிச்சிருக்காது. காய்ச்சல் இல்ல. புத்தி தெளிவா இருக்கு. கண்ணுல ஆரம்பிச்சுக் கீழ எறங்குது. என்ன சாப்பிட்டீங்க?”

அண்ணன் குழறிக் குழறிச் சொன்னார். “வெங்காயம். மருந்து வச்ச வெங்காயம்.”

அதற்குப் பிறகு என் தொண்டையில் குழாயை இறக்கி மூச்சு மெஷினில் மாட்டிவிட்டார்கள். அந்த நாட்களைத்தான் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். சொல்கிறேன். கண் திறக்காது. வாய் பேசாது. விரல் அசையாது. ஆனால் தோலில் ஈ உட்கார்ந்தால் தெரியும். காதில் எல்லாம் விழும். நினைவு கண்ணாடி மாதிரி இருக்கும். மெஷின் புஸ்ஸென்று ஊதும், நெஞ்சு உயரும், விடும், தாழும். அடுத்த ஊதல் வராமல் போனால் என்ன செய்வது என்று முதலில் பயந்து கிடந்தேன். அப்புறம் அதோடு ஒரு பழக்கம் உண்டாகி, அது எந்த நேரத்தில் என்ன சத்தம் போடும் என்று கற்றுக்கொண்டேன்.

என்னைப் பிணம் போல நினைத்துப் பேசினவர்கள் உண்டு. என் மதினி, அண்ணன் பெண்சாதி, நல்லவள், என் உதட்டை ஈரத் துணியால் துடைத்தபடியே, “இவ போயிட்டா அந்தக் கெணத்தடித் துண்டு அவளுக்குத்தான். அதுக்குத்தான் வச்சிருக்கா” என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். துடைக்கும் கையில் பிரியம் இருந்தது. பேச்சில் தவமணி கொலைகாரியாக இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே கிடந்தேன். வைத்திருப்பாளோ? எனக்கும் தெரியவில்லை.

அண்ணன் குறைவாகத் தின்றதால் சீக்கிரம் தேறினார். தேறியதும் ஊருக்குப் போய், மிச்சமிருந்த ஜாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஏட்டையாவையும் கூட்டிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். அதே சமயம் தவமணியும் வந்து நின்றாள். அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது.

“எங்க வந்த? செத்துட்டாளான்னு பாக்கவா?” என்றார் அண்ணன்.

“அக்காவப் பாக்க வந்தேன்.”

“அக்காவாம்! கோழிகிட்டப் பேசுனவளுக்கு இப்ப அக்கா. ஏட்டையா, இதான் ஜாடி. கேளுங்க இவளை. அம்புட்டு ருசியாச் செஞ்சவ, தான் ஒரு வாய் தின்னாளான்னு கேளுங்க.”

ஏட்டையா கேட்டார். “நீ தின்னியாம்மா?”

“இல்லீங்க. அவுகளுக்குன்னு உப்பில்லாமச் செஞ்சது...”

“கேட்டுக்கிட்டீகளா!”

மெஷின் ஒரு தடவை ஊதியது. பிறகு தவமணி சொன்னாள், “ஜாடியக் குடுங்க. இப்பத் தின்னு காட்டுறேன். மருந்து இருந்தா நானும் அக்கா பக்கத்துலயே படுத்துக்கிறேன்.”

துண்டு அவிழும் சத்தம். மூடி திறக்கும் சத்தம். எண்ணெய் தளும்பும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் தின்னப்போகிறாள் என்று தெரிந்தது. என் விரல் ஒன்றையாவது அசைக்க முடியுமா என்று உடம்பு முழுதும் தேடினேன். ஒன்றும் எனக்குச் சொந்தமாக இல்லை.

“அதக் கீழ வைங்க! வாயில வைக்காதீங்க!”

புதுக் குரல். செருப்புச் சத்தம் ஓடி வந்தது. ஜாடி பிடுங்கப்பட்டது.

அதுதான் சரோஜா டாக்டர். கிருமிகளைப் பார்க்கிற டாக்டர். நோயாளிக்கு ஊசி போடுகிற வேலை இல்லை. நோயை உண்டாக்கியது எது என்று கண்டுபிடிக்கிற வேலை.

“இந்த ஜாடியத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். யாரு கையாவது பட்டுதா? எல்லாரும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. போங்க.”

“அப்ப மருந்து இருக்குன்னு ஆச்சுல்ல?” என்றார் அண்ணன்.

“விஷம் இருக்கலாம். யாரும் வச்சாங்களா, தானா வந்துதான்னு இனிமேத்தான் பாக்கணும்.”

அன்றிலிருந்து அண்ணன் தவமணியை உள்ளே விடவில்லை. ஆனால் ஆயா மாற்றுச் சேலையை விரிக்கும்போதெல்லாம், முந்தானையை உள்ளே வைத்து மடித்திருக்கிறது என்று முணுமுணுப்பாள். என் மதினி அப்படி மடிக்கமாட்டாள். எனக்குத் தெரிந்து அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான். ஆயா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் யாரிடமோ வாங்கி வருகிறாள் என்று அவள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். தவமணி ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துகொண்டிருந்தாள் என்பதைப் பிறகு கேள்விப்பட்டேன்.

சரோஜா டாக்டருக்கு ஒரு நல்ல பழக்கம். நான் கேட்கிறேன் என்று நம்பி என்னிடம் பேசுவார். வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை.

“அம்மா, உங்க மூளை சரியா வேலை செய்யுது. கையத் தூக்குன்னு அது ஆளனுப்புது. அந்த ஆளு நரம்பு வழியா வந்து, சதை வாசல்ல நிக்குது. அந்த வாசலை விஷம் பூட்டிருச்சு. பழைய பூட்டு திறக்காது. உடம்பு புது வாசல் வைக்கணும். வைக்கும். அதுவரைக்கும் மெஷின் மூச்சு விடும். மாத்து மருந்து ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் கிடைக்கல.”

எனக்கு மனசு தெளிந்தது. பூட்டின வாசல் என்றால் எனக்குப் புரியும். உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அவரும் ஏட்டையாவும் என் கட்டிலருகே பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அந்தக் கிருமி மண்ணில் இருப்பதாம். எல்லா ஊர் மண்ணிலும் தூங்கிக்கொண்டு கிடக்குமாம், வித்தாக. வதக்குகிற சூட்டில் மற்றக் கிருமிகள் சாகும். அந்த வித்துச் சாகாது.

“மேல எண்ணெய், அதனால காத்து இல்ல. புளி இல்ல, உப்பு இல்ல. அடுப்போர வெதுவெதுப்பு. அதுக்கு இதைவிட நல்ல வீடு யாரும் கட்டித் தர முடியாதுங்க. முளைச்சு, பெருகி, விஷத்தைக் கக்கியிருக்கு.”

“சரிம்மா. ஆனா அந்தக் கிருமிய எங்கருந்தாவது வாங்கிட்டு வந்து கலந்திருக்கலாம்ல? கேஸுன்னா நான் எல்லாம் யோசிக்கணும்.”

“கேக்க வேண்டிய கேள்விதான். அதுக்குத்தான் மண்ணெடுக்கப் போறேன்.”

ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கே போய், கிணற்றடித் துண்டு மண், தவமணியின் மேட்டுக்காட்டு மண், வீட்டில் கட்டித் தொங்கவிட்ட வெங்காயத்தின் தோல் எல்லாம் தனித்தனிப் பையில் எடுத்து வந்தார். என்னிடமிருந்தும் அண்ணனிடமிருந்தும் மலம் எடுத்தார்கள். அண்ணன் அதற்குப் போட்ட சண்டை இரண்டு வார்டுக்குக் கேட்டது.

என் வலது ஆள்காட்டி விரல்தான் முதலில் திரும்பி வந்தது. ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை தூக்கச் சொன்னார்கள். ஏட்டையா என் காதருகே குனிந்து கேட்டார்.

“தவமணி மேல ஒங்களுக்குச் சந்தேகம் இருக்கா ஆத்தா?”

எல்லோரும் விரலையே பார்த்திருப்பார்கள். அண்ணன், “தூக்கு, தூக்குடி” என்றார். நான் தூக்கவில்லை. ஒரு தடவையும் தூக்கவில்லை, இரண்டு தடவையும் தூக்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. அவள் ஜாடியை வாய்க்குக் கொண்டுபோனதும் உண்மை. எனக்கென்று தனியாகச் செய்ததும் உண்மை. எது எதை வெல்லும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மண்ணைக் கேட்கப் போயிருக்கிறார்கள், மண் சொல்லட்டும் என்று கிடந்தேன்.

ஏட்டையா நிமிர்ந்து, “அந்த டாக்டரம்மா முடிவு வரட்டும். அதுலதான் இருக்கு அந்தப் பொம்பளையோட கதி” என்றார்.

தொண்டையில் துளை போட்டுக் குழாயை மாற்றினார்கள். பிறகு மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார்கள். முதல் முதலாக நானாக இழுத்த மூச்சு குளுகுளுவென்று இறங்கியது. அவ்வளவு நன்றாக இருந்தது. துளையை விரலால் பொத்திக்கொண்டால் பேச்சு வந்தது. நான் சரோஜா டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் கிருமி என்ன திங்கும் தாயி?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு அவர் வந்தால் நான் விடுவதில்லை. கிருமியின் விஷத்தை ஏற்றினால் வெள்ளெலி மூச்சு இளைத்துச் செத்துப்போகுமாம்; மாற்று மருந்து கொடுத்த எலி பிழைக்குமாம். வெளியூர் ஆய்வுக்கூடத்தில் அப்படிப் பார்த்துத்தான் என்ன விஷம் என்று உறுதி செய்தார்களாம். என்னால் செத்த எலிகளை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு தடவை அவர் செல்போனில் தன் அம்மாவிடம் பேசியது ஒன்றுமே புரியவில்லை. எந்தப் பாஷை என்று கேட்டேன்.

“வீட்டுப் பாஷைம்மா. எங்க முன்னோர்கள் குஜராத் பக்கமிருந்து வந்தவங்க. எத்தனையோ தலைமுறையா மதுரைதான். ஆனா வாயைத் தொறந்தா எந்த வீடுன்னு தெரிஞ்சிரும்.”

“கிருமிக்கும் அப்படித் தெரியுமா?”

அவர் போனைப் பையில் போட்டார். “அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஒவ்வொரு கிருமிக்குள்ளும் நீளமாக ஒரு நூல் உண்டு. அதன் அப்பன் பாட்டன் சொத்தெல்லாம் அந்த நூலில்தான் எழுதியிருக்கும். முதலில் அதில் விஷம் செய்கிற குறிப்பு இருக்கிறதா என்று தேடுவார்கள். மண்ணில் இருக்கிற நிறையக் கிருமிகளுக்கு அது இருக்காது. பிறகு அந்த நூலைக் கத்தரி மாதிரி ஒரு மருந்தால் வெட்டுவார்கள். குறித்த இடம் வந்தால் மட்டுமே அது வெட்டும். துண்டுகளைக் கஞ்சிக் கட்டி மாதிரி ஒன்றில் வைத்துக் கரண்டை விட்டால் எல்லாம் ஓடும். சந்தைக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் இடுக்கில் புகுந்து ஓடிவிடும், பெரிய ஆள் திணறி நிற்பான் அல்லவா? அப்படியே சின்னத் துண்டு தூரம் போகும், பெரிய துண்டு பின்தங்கும். நின்ற இடமெல்லாம் கோடு விழும். ஒரே குடும்பத்துக் கிருமி என்றால் கோடு ஒரே மாதிரி விழும். வேறு குடும்பம் என்றால் மாறும்.

அந்தப் படம் ஒரு நாள் வந்தது. சரோஜா டாக்டர் ஏட்டையாவையும் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவளையும் கூட்டிவரச் சொல்லி ஆயாவை அனுப்பினார். தவமணி வந்து கட்டிலின் கால்மாட்டில், என்னைப் பார்க்காமல் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். அவளை இரண்டாகப் பார்த்த கண்ணைப் பொத்தி ஒன்றாக்கிக்கொண்டேன்.

கருப்புப் படம். அதில் வெள்ளைக் கோடுகள், ஏணி ஏணியாக. எது எவருடையது என்பதை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு டாக்டர் என்னிடம் நீட்டினார்.

“அம்மா, நீங்களே சொல்லுங்க. எது எதுக்குச் சொந்தம்?”

நான் ஒற்றைக் கண்ணால் நிதானமாகப் பார்த்தேன். அவசரப்படுத்த ஏட்டையா இருமினார். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே விரலை வைத்து அடுத்த ஏணிக்கு நகர்த்தினேன்.

“இந்த அஞ்சும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைக. ஓரத்துல நிக்கிறது வேற வீடு.”

டாக்டர் அட்டையை எடுத்துப் படித்தார். “இது நீங்க. இது உங்க அண்ணன். இது ஜாடி. இது வெங்காயத் தோல். இது கிணத்தடித் துண்டு மண்ணு. ஓரத்துல இருக்கிறது மேட்டுக்காட்டு மண்ணு. யாரும் எங்கருந்தும் கொண்டுவரல. வெங்காயத்தோட மண்ணுல ஒட்டிக்கிட்டு வந்த கிருமி, புளியில்லாத ஜாடியில வளந்திருக்கு. அவ்வளவுதான்.”

அண்ணன் படத்தை வாங்கித் தலைகீழாகவும் பார்த்தார். “என் வயித்துல அதுவா?”

“அதுவேதான்.”

“கெணத்தடித் துண்டுக் கிருமி என் தங்கச்சி வயித்துல இருக்கு. மேட்டுக்காட்டுக் கிருமி இல்ல. அப்ப அந்தத் துண்டு எங்களுதுன்னு ஆகுதுல்ல?”

“பட்டா எல்லாம் இதுல வராதுங்க.”

ஏட்டையா சிரித்துவிட்டார். மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தவமணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் படத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“அப்ப நான் புளி ஊத்தியிருந்தா?”

“முளைச்சிருக்காதும்மா. உப்பும் புளியும் சரியா இருந்தா அதால வளர முடியாது. இல்ல, எடுத்துச் சாப்பிடும்போது நல்லாக் கொதிக்க வச்சிருந்தா விஷம் செத்திருக்கும். நீங்க கெட்டது நினைச்சு விட்டது இல்ல. டாக்டர் விடச் சொன்னத விட்டீங்க.”

தவமணி அப்போதுதான் அழுதாள். இத்தனை நாள் கொலைகாரி என்றதற்கு அழாதவள். நான் பேசலாம் என்று விரலைத் தொண்டைக்குக் கொண்டுபோனேன். அதற்குள் ஏட்டையா அவளை, “வாம்மா, வந்து கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ, இனிமே வர வேணாம்” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணனும் தாம் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். அவர்களோடு ஒரே பஸ்ஸில் போக மனசில்லாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றாராம்.

இன்னும் சில வாரம் கழித்து, கம்பை ஊன்றிக்கொண்டு நான் ஊருக்கு வந்தேன். கொல்லைப் பக்கம் போனேன். சுவர் மேல் ஒரு கிண்ணம் இருந்தது. பக்கத்தில் தவமணி நின்றாள். வாயைத் திறந்தவள், சுவரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பார்த்தாள். நானும் பார்த்தேன். கோழி இல்லை. அது மருந்தெடுக்கிறவர் வீட்டுக் குழம்பில் எப்போதோ போயிருக்கும்.

இரண்டு பேரும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கால் வலித்தது. நான் மூத்தவள்.

தொண்டைத் தழும்பில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன். “தவமணி, புளி ஊத்துனியா?”

அவள் திடுக்கிட்டுப் போனாள். பிறகு, “ஊத்தியிருக்கேன்க்கா. உப்பும் மொளகாயும் போட்டிருக்கேன்” என்றாள்.

“கொதிக்க வச்சியா?”

“இப்பத்தான் எறக்குனேன். சுடுது, பாத்து.”

“நீ தின்னியா?”

“இன்னும் இல்ல.”

“தட்டெடுத்துட்டு வா,” என்றேன்.

அவள் சுவரைத் தாண்டிக் காலைப் போட்டு இந்தப் பக்கம் வந்தாள். ஆளுக்குக் கொஞ்சம் கூழை ஊற்றினேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயில் வைத்தோம். டாக்டர் கூடாது என்று சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. புளிப்பில் என் தாழ்ந்த இமைகூடக் கொஞ்சம் மேலே ஏறியது.